விறகு தந்த காடு, வரி கேட்கும் காடு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சில சிற்றூர்களின் ஆண்டறிக்கையைப் புரட்டினால், பள்ளிக் குழு, சுகாதார வாரியம், நூலக அறங்காவலர்கள் என்று வரிசையாக வரும் பதவிகளுக்கு நடுவே விசித்திரமான பெயர் ஒன்று கண்ணில் படும்: ‘விறகும் மரப்பட்டையும் அளப்பவர்’. நியமனம் முறைப்படி நடக்கிறது. அளக்கத்தான் அநேகமாக ஒன்றும் இருப்பதில்லை. ஒரு காலத்தில் இது வேடிக்கைப் பதவி அல்ல. வண்டியில் வரும் விறகு ‘கார்டு’ கணக்கில் விற்கும். நெருக்கி அடுக்கிய கட்டை 128 கன அடி இருந்தால் ஒரு கார்டு. வியாபாரி இடையில் சந்து விட்டு அடுக்கி ஏமாற்றாமல் பார்த்துக்கொள்வது ஊரின் பொறுப்பு. பட்டை, தோல் பதனிடும் தொட்டிகளுக்குப் போகும்.

அதே ஊர் இன்று கூட்டம் போட்டு, நாற்பது ஐம்பது ஏக்கர் காட்டை லட்சக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறது. சில சமயம் மில்லியன் கணக்கில் போகிறது. வாங்கிய காட்டிலிருந்து வருமானம் எதுவும் எதிர்பார்ப்பதில்லை. இன்னொருவர் வாங்கி, மரத்தை வெட்டி, வீடு கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே வாங்குகிறார்கள். முன்பு காடு ஊருக்குக் காசு தந்தது. இப்போது ஊர் காட்டுக்குக் காசு தருகிறது. காசின் திசை எப்போது, எதனால் திரும்பியது என்பதில்தான் இந்த ஊர்களின் முந்நூறு ஆண்டுக் கதை இருக்கிறது.

நிப்மக், மாசசூசெட், வாம்பனோக் மக்களின் நிலத்தில் வந்து குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு அங்கே முதலில் புரிந்தது குளிர்தான். 18ஆம் நூற்றாண்டில் ஒரு வீடு ஆண்டுக்கு 30 கார்டு வரை விறகு எரித்தது. அதற்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் காடு வேண்டும். பாதிரியாருக்குச் சம்பளத்தோடு விறகும் கொடுப்பது ஊர் வழக்கம். ஊர்ப் பொதுக்காடு, நம் மேய்க்கால் புறம்போக்கைப் போல, எல்லாருக்கும் உரியது. ஆனாலும் யார், எங்கே, எவ்வளவு வெட்டலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. நாளாக நாளாக, பொதுக்காட்டைப் பங்கு பிரித்துத் தனித்தனி விறகுக் காடாக ஆக்கிக்கொண்டார்கள். சில ஊர்கள் மட்டும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டன. பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரின் நியூவிங்டன் 1710இல் ஒதுக்கிய நூறு ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட ஊர்க்காட்டை, நாட்டிலேயே பழமையானது என்கிறார்கள். ஊரின் பொதுக் கட்டடங்களுக்கு மரம் கொடுத்தது அந்தக் காடு. பின்னாளில் அதன் ஒரு பகுதியை விமானப்படைத் தளம் எடுத்துக்கொண்டது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலைமை எல்லை கடந்தது. வயல், புல்வெளி, ஆட்டுப் பண்ணை என்று மாநிலத்தின் நடுப்பகுதியில் பாதிக்கும் மேற்பட்ட நிலம் மொட்டையாகிவிட்டது. கான்கார்ட் ஊரில் மிஞ்சிய காடு சுமார் பத்தில் ஒரு பங்கு. எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ வால்டன் குளக்கரையில் குடிசை போட்டுத் தங்கியது இப்படிப்பட்ட ஊரில்தான். அந்த இடத்தைத் தொலைதூர வனாந்தரம் என்று நம்மில் பலர் கற்பனை செய்துகொள்கிறோம். அவர் குடிசை போட்ட இடம் நண்பர் எமர்சனுக்குச் சொந்தமான விறகுக் காடு. 1844இல் வந்த ரயில் பாதை குளத்தை ஒட்டியே ஓடியது.

தோரோவுக்குச் சோறு போட்டதில் நில அளவையும் ஒன்று. விறகுக் காடுகளை விற்பதற்கும் பங்கு பிரிப்பதற்கும் சங்கிலி பிடித்து அளந்து கொடுத்தவர் அவர். கண்ணெதிரே காடுகள் போவதைப் பார்த்துக்கொண்டே அதற்கான வரைபடத்தையும் போட்டுக் கொடுத்தார். 1859இல் தம் நாட்குறிப்பில், ஒவ்வோர் ஊரும் ஐந்நூறோ ஆயிரமோ ஏக்கர் காட்டை விறகுக்காகக்கூட ஒரு குச்சி வெட்டாமல் பொதுச்சொத்தாக வைத்திருக்க வேண்டும் என்ற கருத்தை எழுதி வைத்தார். அதற்குக் காசு எங்கிருந்து வரும் என்பதற்குள் அவர் போகவில்லை. அந்தக் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் விடை ஏற இன்னும் ஒரு நூற்றாண்டு பிடித்தது.

அதற்குள் காடு தானாகவே திரும்பி வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. 1825இல் திறந்த ஈரி கால்வாயும் பின்வந்த ரயிலும் மேற்கின் மலிவான தானியத்தைக் கொண்டுவந்து குவித்தன. மாசசூசெட்ஸ் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்தின் கல்லும் கரடுமான வயல்களை விட்டுவிட்டு மக்கள் ஆலைகளுக்கும் மேற்குக்கும் போனார்கள். கைவிட்ட வயலில் முதலில் வெள்ளைப் பைன் முளைத்தது. அதை வெட்டிய பிறகு ஓக்கும் மேப்பிளும் எழுந்தன. இன்று மாநிலத்தில் சுமார் 60 விழுக்காடு காடு. உள்ளே நடந்தால், எந்த வீட்டையும் எந்த வயலையும் சேராத கல் சுவர்கள் மரங்களுக்கு நடுவே ஓடுவதைப் பார்க்கலாம். எல்லாம் பழைய வயல் வரப்புகள்.

நிலம் மலிந்து கிடந்த அந்தக் காலத்தில் ஊர்க்காடு என்பது முதலீடு. ஊர்கள் காடு வைத்துக்கொள்ள 1882இல் மாசசூசெட்ஸ் சட்டம் இடம் கொடுத்தது. 1914இல் ஃபிட்ச்பர்க் தன் ஊர்க்காட்டை அமைத்தபின் மற்ற ஊர்களும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. விவசாயி விட்டுப்போன தரிசை அடிமாட்டு விலைக்கு வாங்குவது, பைன் கன்று நடுவது, நாற்பது ஐம்பது ஆண்டில் மரம் விற்று ஊர் வரியைக் குறைப்பது என்பது கணக்கு. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையில்லாதவர்களுக்கு இந்தக் காடுகளில் வேலை கிடைத்தது. மர வருமானக் கணக்கு பல இடங்களில் சொன்னபடி பலிக்கவில்லை. 1938இல் வந்த பெரும்புயல் நின்ற பைன்களை வரிசை வரிசையாகச் சாய்த்துவிட்டது. இருந்தாலும், ஊர் தன் காசில் காடு வாங்கலாம் என்ற பழக்கம் அப்போது வேரூன்றியது.

பிறகு வந்தது 128ஆம் எண் நெடுஞ்சாலை. 1950களில் பாஸ்டனைச் சுற்றி அரைவட்டமாகப் போட்ட இந்தச் சாலையோரம் மின்னணுத் தொழிற்கூடங்கள் வந்தன. அவற்றில் வேலை செய்பவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது. நூறாண்டாகச் சீந்துவாரற்றுக் கிடந்த காட்டுக்கு முதல்முறையாக மனை விலை வந்தது. ஊர்கள் விழித்துக்கொண்டன. சதுப்பு நிலத்தைக் காக்க விரும்பிய இப்ஸ்விச் ஊரின் முயற்சியால் 1957இல் ‘கன்சர்வேஷன் கமிஷன்’ சட்டம் பிறந்தது. ஒவ்வோர் ஊரும் நிலம் காக்கவென்று தனிக் குழு வைத்துக்கொள்ளலாம். 1960களின் தொடக்கத்தில், இப்படி வாங்கும் நிலத்துக்கான செலவில் ஒரு பகுதியை மாநிலம் திருப்பித் தரும் திட்டம் வந்தது. 1972இல் மாநில அரசமைப்பிலேயே ஒரு பூட்டு போட்டார்கள். 97ஆம் பிரிவு என்று அதைச் சொல்வார்கள். காப்புக்கென வாங்கிய நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்ப வேண்டுமானால் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். லிங்கன் என்ற சிற்றூர் இந்தக் காலத்தில் சுறுசுறுப்பாக இருந்தது. இன்று அதன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காப்பில் இருக்கிறது.

1980இல் முட்டுக்கட்டை விழுந்தது. சொத்து வரி வசூலை ஓர் ஊர் ஆண்டுக்கு இரண்டரை விழுக்காட்டுக்கு மேல் கூட்டக் கூடாது என்று மாநில மக்கள் வாக்களித்தார்கள். புதுக் கட்டடங்களால் வரும் வரியும், வாக்கெடுப்பில் தனியாகப் பெறும் அனுமதியும் மட்டும் விலக்கு. பள்ளிக்கும் தீயணைப்புக்குமே இழுபறியான பிறகு காட்டுக்கு யார் கொடுப்பார்கள்? நிலவிலையோ ஏறிக்கொண்டே இருந்தது.

வழி கண்டவர்கள் நாந்துக்கெட் தீவுக்காரர்கள். பெருமரம் அதிகமில்லாத, புதரும் மணலுமான தீவு. கோடை மாளிகை கட்ட வரும் பணக்காரர்களால் நிலவிலை எகிறிய இடம். நிலம் விழுங்கப்படக் காரணமான விற்பனையிலிருந்தே காசு எடுப்போம் என்று 1983இல் சட்டம் பெற்றார்கள். மனையோ வீடோ வாங்குபவர் விலையில் 2 விழுக்காட்டை ‘லேண்ட் பேங்க்’ எனப்படும் நிலவங்கிக்குக் கட்ட வேண்டும். அது அந்தக் காசில் திறந்தவெளியை வாங்கும். மனை வியாபாரம் சூடானால் வங்கியின் பையும் நிரம்பும். 1986இல் பக்கத்துத் தீவான மார்த்தாஸ் வினியார்டும் பின்தொடர்ந்தது.

எதிர்க்கரையில் இருக்கும் கேப் காட் (Cape Cod) தீபகற்பமும் இதையே செய்யப் பார்த்தது. 1998 ஜனவரியில் வந்த வாக்கெடுப்பில், வீடு விற்பனைத் தரகர்களின் பலத்த எதிர்ப்புக்கு நடுவே யோசனை தோற்றது. அதே ஆண்டு நவம்பரில் வேறு வடிவத்தில் வந்தார்கள்: விற்பனையைத் தொட வேண்டாம், எல்லாரும் கட்டும் சொத்து வரியின்மேல் 3 விழுக்காடு கூடுதல் போடுவோம். 15 ஊர்களிலும் ஜெயித்தது. இது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. வருகிற அந்நியர் கட்டும் வரி வேண்டாம் என்ற மக்கள், பத்து மாதத்தில், தாங்களே கட்டும் வரிக்குச் சரி என்றார்கள்.

1980களிலிருந்தே சட்டமன்றத்தில் முட்டி மோதிக்கொண்டிருந்த மாநில அளவிலான யோசனைக்கு இந்த வெற்றி தெம்பு கொடுத்திருக்க வேண்டும். 2000 செப்டம்பரில் ஆளுநர் பால் செலூச்சி கம்யூனிட்டி பிரிசர்வேஷன் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஊர்க்காரர்கள் வாயில் அது சி.பி.ஏ. விருப்பமுள்ள ஊர் வாக்கெடுப்பு நடத்தி, சொத்து வரியின்மேல் 3 விழுக்காடு வரை கூடுதல் போட்டுக்கொள்ளலாம். அந்தக் காசில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பழம்பெரும் கட்டடங்களுக்கு, ஒரு பங்கு எளியவர்க்கான வீட்டுக்கு. மீதியை ஊர் இவற்றிலும் விளையாட்டுத் திடல்களிலும் விருப்பம்போல் செலவிடலாம். ஆசை காட்டுவதற்கு மாநிலம் ஒரு பங்கு போடும்; பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஆவணங்களுக்கு வாங்கும் கட்டணம், அப்போது பெரும்பாலும் 20 டாலர், அந்த நிதிக்குப் போகும்.

வீட்டுக்கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 7 லட்சம் டாலர் வீடு. ஆயிரத்துக்கு 12 டாலர் வரி என்று வையுங்கள். பல ஊர்களில் முதல் லட்சத்துக்குக் கூடுதல் வரி கிடையாது. மீதி 6 லட்சத்துக்கான வரி 7,200 டாலர். அதில் 3 விழுக்காடு 216 டாலர். மாதம் 18 டாலர். இந்தத் தொகை மாநிலம் முழுக்கச் சேர்ந்ததில் எத்தனையோ காடுகள் ஊர் வசமாயின. முதல் ஆண்டுகளில் ஊர் ஒரு டாலர் போட்டால் மாநிலமும் ஒரு டாலர் போட்டது. ஊர்கள் பெருகப் பெருக அந்தப் பங்கு கரைந்து, ஒரு கட்டத்தில் ஐந்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. 2019இல் பதிவுக் கட்டணத்தை 50 டாலராக உயர்த்தினார்கள். இன்று மாநிலத்தின் 351 ஊர்–நகரங்களில் பாதிக்கும் மேல் சி.பி.ஏ.வில் இருக்கின்றன. பாஸ்டன் 2016இல் சேர்ந்தது.

காசு தயார் என்றாலும் காடு கைமாறும் விதத்தில் அன்றைக்கும் இன்றைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. அன்று விவசாயியிடம் பேசி, கைகுலுக்கி, பத்திரம் எழுதினால் முடிந்தது. இன்று பெரும்பாலும் தபாலில் வரும் ஒரு கடிதத்தில் தொடங்குகிறது. 10 ஏக்கருக்குக் குறையாத காட்டை வைத்திருப்பவர், அரசு வனவியலாளர் ஒப்புதல் பெற்ற திட்டப்படி அதைப் பராமரித்தால், 61ஆம் அதிகாரம் என்ற சட்டத்தின்கீழ் மிகக் குறைந்த வரி கட்டினால் போதும். இந்தச் சலுகைக்கு விலை உண்டு. காட்டை வீடு கட்டுபவருக்கு விற்க ஒப்பந்தம் போட்டால் ஊருக்கு முறைப்படி அறிவிக்க வேண்டும். அன்றிலிருந்து 120 நாளுக்குள், அதே விலைக்கு ஊர் தானே வாங்கிக்கொள்ளலாம், அல்லது ஒரு நில அறக்கட்டளைக்கு அந்த உரிமையை மாற்றிக் கொடுக்கலாம்.

அந்த 120 நாளும் ஊர் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. நில மதிப்பீடு எடுக்க வேண்டும், வழக்கறிஞர் பார்க்க வேண்டும், மாநில மானியத்துக்கு எழுத வேண்டும்; நில அறக்கட்டளை தனியாரிடம் உண்டியல் குலுக்கும். காட்டுக்குள் ஞாயிற்றுக்கிழமை நடைக்குக் கூட்டிப் போய், மரத்தவளை இனப்பெருக்கம் செய்யும் வசந்தகாலக் குட்டையைக் காட்டுவார்கள். பிறகு டவுன் மீட்டிங்.

டவுன் மீட்டிங் என்பது கிராமசபைதான். ஆனால் இதற்கே சட்டமியற்றும் அதிகாரம். நகரமன்றம் கிடையாது. 17ஆம் நூற்றாண்டில் திருச்சபை உறுப்பினரான, நிலமுள்ள ஆண்கள் உட்கார்ந்த இடத்தில் இன்று பதிவு செய்த வாக்காளர் எவரும் உட்காரலாம். உயர்நிலைப் பள்ளியின் கலையரங்கம் அல்லது உடற்பயிற்சிக் கூடம், ‘வாரன்ட்’ என்ற நிகழ்ச்சி நிரல், மேடையில் மாடரேட்டர். பேசுபவர் பெயரையும் தெருவையும் சொல்லிவிட்டு மாடரேட்டரைப் பார்த்தே பேச வேண்டும். எதிராளியைப் பார்த்துப் பேசக் கூடாது என்ற விதியை வைத்தவர் மனிதர்களை நன்றாக அறிந்தவர். நிதிக் குழு ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்கும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் எழுந்து, காட்டைக் காப்பாற்றுவதற்குள் நான் ஊரை விட்டுப் போக நேரும் என்பார். இளம் தாய் ஒருவர், இங்கே நாற்பது வீடு வந்தால் வகுப்பறை போதாது, அந்தச் செலவைவிட இது மலிவு என்பார். கடன் வாங்கி வாங்குவதென்றால் வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கையில் வாக்கு அட்டை, சில ஊர்களில் இப்போது மின்னணுக் கருவி. பல ஆயிரம் வாக்காளர்கள் உள்ள ஊரில் வந்திருப்பது சில நூறு பேர். 200 வாக்கு வேண்டிய இடத்தில் 199 பெற்றுத் தோற்ற காடு எந்த ஊரிலாவது இருக்கும்.

அந்த அரங்கில் ஓர் ஓரமாக, வாக்குரிமை இல்லாதவர்களுக்கென நாற்காலிகள் போட்டிருப்பார்கள். மென்பொருள் வேலைக்கு வந்து இந்தப் புறநகர்களில் வீடு வாங்கிய தமிழர்களில் பலர் அங்கே உட்காரலாமே தவிர கை தூக்க முடியாது. கிரீன் கார்டுக்கோ குடியுரிமைக்கோ காத்திருக்கும் ஆண்டுகளில் சொத்து வரியும் கட்டுகிறார்கள், அதன்மேல் அந்த 3 விழுக்காடும் கட்டுகிறார்கள். காட்டுப் பாதையில் மாலை நடை போகவும் செய்கிறார்கள். 1700இல் சொத்தில்லாதவனுக்கு வாக்கில்லை. இப்போது சொத்தும் வரியும் இருந்தும் வாக்கில்லாதவர்கள் ஒரு வரிசை.

இந்த ஏற்பாட்டை நான் மெச்சுகிறேன். தங்கள் வரியைத் தாங்களே கூட்டிக்கொள்ள மக்கள் ஒன்றுகூடிக் கை தூக்குவது எங்கும் எளிதில் நடக்காது. ஆனால் முழு மனதோடு மெச்ச முடியாததற்கு 40பி என்ற சட்டம் காரணம். ஊரில் பத்தில் ஒரு வீடாவது எளியவர்க்கான விலையில் இல்லையென்றால், அத்தகைய வீடுகளைக் கொண்ட திட்டத்தோடு வருபவர் ஊரின் மனை விதிகளைத் தாண்டிப் போகலாம் என்கிறது 1969இல் வந்த அந்தச் சட்டம். ஒரு வீட்டுக்கு ஒன்றிரண்டு ஏக்கர் என்று விதி வைத்துப் பணக்காரர்களாகவே குடியிருந்த ஊர்களைத் திறக்கத்தான் அது வந்தது. இருபது ஆண்டாக யாரும் எட்டிப் பார்க்காத காட்டுக்கு 40பி விண்ணப்பம் வந்தவுடன் ஊரில் இயற்கை ஆர்வம் பொங்குவதைப் பார்த்தவர்கள் சிரிக்காமல் இருக்க மாட்டார்கள். வால்டனிலேயே நடந்தது: 1990இல் ஈகிள்ஸ் இசைக்குழுவின் டான் ஹென்லி தொடங்கிய அமைப்பு திரட்டிய பணத்தில், பேர் கார்டன் ஹில்லில் வரவிருந்த அடுக்குக் குடியிருப்புத் திட்டம் நிறுத்தப்பட்டு நிலம் காடாகவே நின்றது. அந்தத் திட்டத்தில் குறைந்த விலை வீடுகளும் இருந்தன. காடும் வேண்டும், வீடும் வேண்டும். சி.பி.ஏ. இரண்டுக்கும் ஒரே பையிலிருந்து கொடுக்கச் சொல்கிறது. பல ஊர்களில் காட்டுக்குக் கை உயரும் வேகத்தில் வீட்டுக்கு உயர்வதில்லை.

வசதியுள்ள ஊருக்கு வரி அதிகம் சேரும். அதிகம் சேர்ந்தால் அதிகம் வாங்கலாம். வாங்கினால் மிச்ச மனைகளின் விலை ஏறும். ஆலை நகரங்களில் இந்தச் சக்கரம் சுழல்வதே இல்லை. காட்டுக்கு மிகவும் ஏங்கும் குழந்தைகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

வாங்கிய பிறகு என்ன? சட்டப்படி, சி.பி.ஏ. காசில் வாங்கிய நிலத்துக்கு நிரந்தரக் கட்டுப்பாடு ஒன்றைப் பதிந்து, அதைக் கண்காணிக்கும் பொறுப்பை வேறோர் அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். ஊரே நாளை மனம் மாறிவிடாமல் இருக்க. கார் நிறுத்த நாலு இடம், ஒரு வரைபடப் பலகை, தன்னார்வலர்கள் அடிக்கும் பாதைக் குறிகள். காடு திரும்பியதும் மானும் திரும்பியது, மானோடு உண்ணி, உண்ணியோடு லைம் நோய். தோரோ காலத்தில் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு யாரும் நடந்திருக்க மாட்டார்கள்.

வெஸ்டன் என்ற ஊர் சற்று வேறு தினுசு. சுமார் 2,000 ஏக்கர் காப்பு நிலத்தைச் சேர்த்துவைத்த அந்த ஊரில், 1980இல் தொடங்கிய லேண்ட்ஸ் சேக் என்ற சிறு அமைப்பு ஊர்க்காட்டில் கணக்காக மரம் வெட்டி விறகு விற்றது. ஊர்ப் பிள்ளைகளையும் வேலையில் சேர்த்துக்கொண்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வரலாற்றாசிரியர் பிரையன் டோனஹ்யூ 1999இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். காட்டை வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதைவிட, அதில் வேலை செய்யும் ஊர்தான் அதைக் காக்கும் என்பது அவர் கட்சி. ‘ஒரு குச்சியும் வெட்டாதே’ என்ற தோரோவின் கட்சி இன்னும் பலமாக இருக்கிறது. ஊர்க்காட்டில் சங்கிலி வாளின் சத்தம் கேட்டால் போதும், மறுநாள் கன்சர்வேஷன் கமிஷனின் தொலைபேசி ஓயாது.

இப்போது முளைத்திருக்கும் சிக்கல் வேறு. 1960களில் மலிவாக வாங்கிய காடு இன்று ஊரின் நடுவில் நிற்கிறது. பழைய பள்ளிக்கூடம் இடம் போதாமல் திணறுகிறது. பக்கத்திலேயே ஊருக்குச் சொந்தமான பத்து ஏக்கர் மரக்காடு. 97ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. 2022 நவம்பரில் வந்த ஒரு சட்டம் அந்தப் பூட்டை இன்னும் இறுக்கியது: அப்படிப்பட்ட நிலத்தை எடுப்பதென்றால், வேறு வழியில்லை என்று முதலில் காட்ட வேண்டும். பிறகு, அதற்கு ஈடான இயற்கை வளமும் விலையும் உள்ள மாற்று நிலத்தைத் தர வேண்டும். விதிவிலக்காகவே பணமாகக் கட்டலாம். எனவே பள்ளிக் கட்டடக் குழு இப்போது கட்டடக் கலைஞரோடு சேர்த்து, விலைக்கு வரும் இன்னொரு காட்டையும் தேடவேண்டியிருக்கிறது. கடன் வாங்கித்தான் அதை வாங்க முடியும் என்றால், அதற்கும் அதே கலையரங்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு கை உயர வேண்டும்.